வந்து வந்து போகும் மின்கோளாறு: பழைய காரில் எர்த்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

பழைய காரில் ஒரு பாகம் முழுதாகச் செத்துவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம். ஹாரன் அடிக்கவே இல்லையென்றால் ஹாரனில் தொடங்கி ஃபியூஸ் வரை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆளைப் படுத்தி எடுப்பது காலையில் வந்து மத்தியானம் காணாமல் போகும் கோளாறுதான். பழனி ரோட்டில் நின்றுபோன வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தால், அங்கே ஒன்றுமே நடக்காததுபோல ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். எலக்ட்ரீஷியன்தான் என்ன செய்வார்? சந்தேகத்துக்கு ஒரு பேட்டரி, அதிலும் சரிப்படவில்லையென்றால் செல்ஃப் மோட்டார், அடுத்து ஆல்டர்னேட்டர் என்று வரிசையாக மாற்றச் சொல்வார். பணம் போகும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். 800-உம் அம்பாசடரும் 2014-இல் நின்றன. ஆம்னி 2019-இல் நின்றது. பத்மினி நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. கடைசியாக வெளிவந்த 800-க்கே பத்து வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் வயர்களும் மூட்டுகளும் களைத்துப் போயிருக்கும், ஆனால் சாகவில்லை.

வந்து போகும் கோளாறு தன் இஷ்டத்துக்கு வருவதில்லை. சூடு, குலுக்கல், ஈரம், லோடு ஆகிய நான்கில் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எதனோடு வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால், லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே எர்த் பக்கத்து வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வேலைகளைப் பற்றித்தான்.

பானட்டைத் திறப்பதற்கு முன்

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டு வையுங்கள். கோளாறு வந்த நேரம், இன்ஜின் சூடாக இருந்ததா, மழையா வெயிலா, எந்தெந்த ஸ்விட்ச் போட்டிருந்தீர்கள், மேடா பள்ளமா, ஸ்பீட் பிரேக்கர் ஏறினீர்களா, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தீர்கள் என்று நாலு வரி எழுதினால் போதும். சில தடவை எழுதியதுமே ஒரு போக்கு தெரிய ஆரம்பித்துவிடும்.

சித்திரை வெயிலில் திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் நெரிசலில் ஊர்ந்த பிறகு இன்ஜின் அணைந்து, அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதென்றால் அது சூட்டுக் கோளாறு. இக்னிஷன் காயில், பாயிண்ட் வைத்த வண்டியானால் கண்டன்சர், அதன் எர்த் ஆகியவை முதல் சந்தேகம். மார்கழிப் பனியில் விடிகாலை மட்டும் மக்கர் செய்து, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறதா? ஈரம். வேடசந்தூர்ப் பக்கத்து உள்ரோடுகளில் குலுங்கும்போது மட்டும் ஹெட்லைட் கண்சிமிட்டுகிறதா? எங்கேயோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் உறைக்குள்ளேயே நரம்பு அறுந்திருக்கிறது. ஹெட்லைட், வைப்பர், பிளோயர் மூன்றையும் போட்டால்தான் தடுமாறுகிறதென்றால் பொதுவான ஒரு மூட்டு லோடு தாங்கவில்லை.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பாகங்கள் ஒரே நேரத்தில் கோணல் செய்கின்றனவா? வலது இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது, பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் மங்குகிறது என்பது போல. இரண்டு பாகமும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான எர்த் கெட்டிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

போன கரண்ட் திரும்பி வர வேண்டும்

வீட்டு ஒயரிங்கில் ஒரு பல்புக்குப் போக ஒரு வயர், வர ஒரு வயர். காரில் பெரும்பாலும் போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வரும் வழி இரும்புப் பாடியே; அதைத்தான் எர்த் என்கிறோம். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், மீட்டர் போர்டு எல்லாம் பக்கத்தில் ஒரு திருகில் பாடியோடு கட்டப்பட்டிருக்கும். பாடியிலிருந்து பேட்டரிக்கு ஒரு தடித்த கேபிள் போகும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே செம்புப் பின்னல் ஸ்ட்ராப் ஒன்றோ தடித்த கேபிள் ஒன்றோ கட்டாயம் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். கியர்பாக்ஸ் போல்ட்டில் மாட்டியிருக்கலாம், இன்ஜின் பிளாக்கிலும் மாட்டியிருக்கலாம். உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே குனிந்து பார்த்து வையுங்கள்.

வயர் புதிதாக இருந்தாலும் இந்தத் திருகுகளுக்கு அடியில் துரு ஏறும். டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் எர்த் திருகை அப்படியே பெயிண்ட் மேலேயே முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பெயிண்ட் கரண்டை விடாது. திருகின் மரை மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்சம்தான் இன்று வேலை செய்து நாளைக்கு மறுக்கிறது.

நம் திண்டுக்கல் சமவெளியில் இன்னொரு பகை தண்ணீர். பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊரறிந்த சங்கதி. வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேல் அந்தத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால், காய்ந்த பிறகு கப்ளர்களுக்குள் உப்பு நின்றுவிடும். அடுத்த பனியிலோ மழையிலோ அந்த உப்பு ஈரத்தை இழுத்து, பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பூக்கவைக்கும். பேட்டரிக்கும் அதே தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள்.

மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவை பாடியோடு எர்த் செய்யும் வழக்கம் இருந்தது. பிறகுதான் நெகட்டிவ் எர்த் பொதுவானது. டைனமோவும் கட்-அவுட்டும் உள்ள வண்டியானால் எந்த முனையிலிருந்து கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பேட்டரியில் கை வையுங்கள். கீழே நான் நெகட்டிவ் எர்த் வண்டியை வைத்தே சொல்லிப் போகிறேன்.

கையில் என்ன வேண்டும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பிரேக் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப், நல்ல தடிமனான ஜம்பர் கேபிள், கம்பி பிரஷ், உப்புத்தாள், 10, 12 அளவு ஸ்பேனர்கள், கொஞ்சம் வாசலின். இவ்வளவுதான். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈ.சி.எம்.முக்குப் போகும் மெல்லிய வயர்களில் மட்டும் இந்த டெஸ்ட் லேம்ப்பை வைக்கக் கூடாது. அது இழுக்கும் கரண்ட்டை அந்தப் பெட்டி தாங்காது. அங்கே மல்டிமீட்டர் மட்டும்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, "பீப்" சத்தம் வருகிறது, எர்த் நல்லாயிருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் இந்த வேலையில் ஆட்களை அதிகம் ஏமாற்றும் இடம். மீட்டர் அனுப்புவது மிக மிகச் சிறிய கரண்ட். நூறு நரம்பில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். உப்புப் படிந்து அடைத்த குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரத்தான் செய்யும், குடம் மட்டும் நிறையாது. சின்ன காரின் செல்ஃப் மோட்டார் 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். மல்டிமீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆகவே அந்த 0.01-ஐ ஓம்ஸில் அது ஒருநாளும் காட்டாது. லோடு ஓடும்போது வோல்ட்டில் அளந்தால்தான் தெரியும்.

முதல் அளவு: பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு ஈயக் கட்டைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6-ஐ ஒட்டி இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். 12-க்குக் கீழே இருந்தால் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியை வைத்துக்கொண்டு எர்த் தேடினால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும்.

டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னமும் சில பட்டறைகளில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதை யாரையும் செய்ய விடாதீர்கள். கழற்றிய நொடியில் வோல்ட்டேஜ் எகிறி டயோடையும், ஈ.சி.எம். இருந்தால் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

செல்ஃப் எடுக்காத 800

வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து ஒரு மாருதி 800 பட்டறைக்கு வந்தது. அதை ஓட்டிவந்த இளைஞர் அலுத்துப் போயிருந்தார்.

"செல்ஃப் புதுசுதாண்ணே போட்டேன். பேட்டரியும் புதுசு. காலையில கும்முன்னு எடுக்குது. மத்தியானம் ஓட்டிட்டு வந்து நிறுத்துனா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"கிளட்ச் எப்படி இருக்கு தம்பி?"

"அத ஏண்ணே கேக்குறீங்க. ரெண்டாவது கேபிள் போட்டாச்சு. உள்ள உருகிப்போயி இறுகிக்குது."

கிளட்ச் கேபிள் ஏன் உருக வேண்டும்? இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே நல்ல எர்த் இல்லாவிட்டால், செல்ஃப் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போகக் கிடைத்த உலோகத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் எல்லாம் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் இரும்புக் கம்பிகள்தானே. நூறு ஆம்பியர் அதில் பாய்ந்தால் கம்பி பழுக்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகும். ஸ்டார்ட் செய்ததும் இந்தக் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, தீய்ந்த வாசம் வந்தாலோ வேறு சாட்சி தேவையில்லை.

அளந்த முறை இது. நீங்களும் இப்படியே செய்யலாம். வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, பாயிண்ட் வண்டியானால் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள், எம்.பி.எஃப்.ஐ. ஆனால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை உருவுங்கள். மீட்டர் 20 வோல்ட் டி.சி.யில் இருக்கட்டும். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையின் தலையில் அழுத்துங்கள், மேலே இருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயிண்டும் எண்ணெயும் இல்லாமல் சுரண்டிய இடத்தில் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பிச் செல்ஃபை நாலைந்து விநாடி இழுக்கட்டும். அந்த நேரத்தில் மீட்டர் காட்டுவதுதான் எர்த் பாதையில் தொலைந்த வோல்ட்டேஜ். 0.2 வரை நல்லது. 0.5 தாண்டினால் வேலை இருக்கிறது.

இந்த 800-இல் ஆறியிருந்தபோது அளவு அவ்வளவு மோசமில்லை. ஊரைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கி வந்து அளந்தபோது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உடனே முனையை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே, கிளாம்ப்புக்கும் பாடிக்கும் நடுவே, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே. ஒரு நல்ல மூட்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. எங்கே பெரிய எண் வருகிறதோ அங்கேதான் கோளாறு. இங்கே பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே மொத்தமும் போயிருந்தது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் கவ்வவிட்டதும் செல்ஃப் கும்மென்று எடுத்தது.

கீழே படுத்துப் பார்த்தால் ஸ்ட்ராப்பின் மேல் செம்மண்ணும் கியர் ஆயிலும் சேர்ந்து பொருக்காக இறுகியிருந்தது. வெளியே பார்க்க முழுதாகத்தான் இருந்தது. முனையில் திருகு நுழையும் லக்குப் பக்கத்தில் விரலால் வளைத்தபோதுதான் உள்ளே நரம்புகள் பெரும்பாலும் அறுந்து கறுத்திருப்பது தெரிந்தது. சூடேறியதும் அந்த மிச்ச நரம்புகளின் தடை இன்னும் கூடும். மத்தியானம் மட்டும் மறுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஒரு ஸ்ட்ராப் மாற்றியதோடு அந்த வண்டியின் செல்ஃப், கிளட்ச் தொல்லை இரண்டும் ஒழிந்தன. வீணாகப் போட்ட செல்ஃப் மோட்டாரின் விலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

எர்த் பக்கம் நன்றாக இருந்தால் இதே சோதனையைப் பாசிட்டிவ் பக்கமும் செய்யுங்கள். பேட்டரி பாசிட்டிவ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் சரியாக இருந்து, இழுக்கும்போது பேட்டரியே 9.6-க்குக் கீழே சரிந்தால், அப்போது பேட்டரியைக் குற்றம் சொல்லலாம்.

எர்த் பாயிண்டைச் சுத்தம் செய்வது

முறுக்கி டைட் வைப்பது மட்டும் போதாது. பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கையில் மோதிரம், உலோக வாட்ச் ஸ்ட்ராப் வேண்டாம்.

எர்த் திருகைக் கழற்றி லக்கின் இரண்டு முகங்களையும், பாடியில் லக்கு உட்காரும் வட்டத்தையும், திருகின் அடிப்பக்கத்தையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். லக்கு வயரைக் கவ்வியிருக்கும் இடத்தில் பச்சை பூத்திருந்தால் வயரைக் கொஞ்சம் பின்னுக்கு வெட்டிப் புது லக்கு அடிப்பதே முறை. களிம்பு உறைக்குள்ளேயும் ஏறியிருக்கும். பாடிக்கும் லக்குக்கும் நடுவே ஸ்டார் வாஷர் போடுங்கள், அதன் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகு வெளிப்புறம் முழுக்க வாசலின் தடவுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். கரைசல் மூடித் துளை வழியே பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்குகிற நினைப்பில் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அமிலத்தின் மேல் இன்னொரு அமிலம் போட்டதாகும்.

பழைய எர்த் இருக்கும்போதே பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, முன்பக்க பாடிக்கு ஒன்று எனப் புதிய கேபிள் இழுத்துவிடுவது இந்த வயது வண்டிகளுக்கு நல்ல முதலீடு. கெடுதல் எதுவும் இல்லை.

பின்பக்க லைட்டின் குழப்பம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் ஆம்னிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. பார்க்கிங் லைட் போட்டு பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இரண்டும் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து விட்டு விட்டு எரியும். பல்பு மாற்றுவார்கள், ஃபிளாஷர் மாற்றுவார்கள். பின்லைட் ஹோல்டரின் எர்த் போய்விட்டால், ஒரு இழைக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் 21/5 வாட் பல்பின் அடுத்த இழை வழியாகவும், அங்கிருந்து வயர் வழியாக மற்ற பல்புகள் வழியாகவும் சுற்றிக்கொண்டு எர்த்தைத் தேடும். அதுதான் இந்த வேடிக்கை. ஹோல்டரின் கறுப்பு வயரிலிருந்து ஒரு துண்டு வயரை நேராக நல்ல பாடி உலோகத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக எரிந்தால் கோளாறு அங்கேயே முடிந்தது. ஈரக் கீரையும் தண்ணீர் தெளித்த மூட்டையும் ஏற்றும் வண்டிகளில் இந்தத் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிப்பது இயல்பு.

இரவில் நால்வழிச் சாலையில் பின்லைட் இல்லாமல் போவது உயிர் போகும் காரியம். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

முன்லைட்டிலும் அதே கதை. 55 வாட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியருக்குமேல் இழுக்கும். எர்த்தில் ஒரு வோல்ட் சொச்சம் தொலைந்து பல்புக்குப் பத்துச் சதவீதம் குறைவாகப் போனாலே, வெளிச்சம் முப்பது சதவீதம்வரை குறைந்துவிடும். கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. அதிக வாட் பல்பு மாட்டுவது தீர்வே இல்லை; ஸ்விட்சும் வயரும் இளகிவிடும். எர்த்தைச் சரிசெய்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக வயர் இழுத்து ரிலே போடுங்கள்.

சிறுமலை ஏறும்போது விக்கும் அம்பாசடர்

டீசல் அம்பாசடர்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பெட்ரோல் அம்பாசடரில், நத்தம் ரோட்டில் சமவெளியில் மணியாக ஓடிய வண்டி சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது விக்கினால் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வேக்குவம் அட்வான்ஸ் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கு நூலுறை போட்ட மெல்லிய பின்னல் வயர் ஒன்று போகும். பாயிண்டின் எர்த் அதுதான். இத்தனை வருடம் அசைந்து அசைந்து அதன் நரம்புகள் ஒடிந்திருக்கும். சமவெளியில் ஒரே வேகத்தில் போகும்போது தட்டு அசையாமல் நிற்கிறது. ஒடிந்த வயரும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வேக்குவம் விழுகிறது, தட்டு பின்னுக்கு நகர்கிறது, எர்த் விட்டுப் போகிறது, பொறி தப்புகிறது. காலை எடுத்தால் மறுபடி சேர்ந்துகொள்கிறது.

தட்டை விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே அந்த வயரைப் பாருங்கள். உறை முழுதாக இருந்தாலும் நடுவில் துவண்டு மடிந்தால் உள்ளே அறுந்துவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயரும் இதேபோல அசைந்து ஒடியக்கூடியது. மாற்றும்போது சாதாரண வீட்டு வயரைப் போடாதீர்கள், சில மாதத்தில் ஒடிந்துவிடும். மிக மெல்லிய நரம்புகள் கொண்ட வளையும் வயரே வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தயாரித்த லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலேயே சென்னையின் பாடி பகுதியில் தொடங்கியதால் இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துப் பழகிய கைகள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நிறைய உண்டு. வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரைத் தேடிப் போங்கள்.

மற்றவை, சுருக்கமாக

சாவியை லேசாக ஆட்டினால் எல்லாம் அணைந்து எரிகிறதென்றால் இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. கனமான கொத்துச் சாவியைத் தொங்கவிடுவதும் அதற்கு ஒரு காரணம். கார் சாவியைத் தனியாக வையுங்கள். சில வண்டிகளில் ஃபியூஸ் அறுந்திருக்காது, ஆனால் அதைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து கறுத்திருக்கும். உருவித் துடைத்து, கிளிப்பை நெருக்கி மாட்டுங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் சுற்றியிருந்தால் இன்றே எடுத்தெறியுங்கள். அது வண்டியை எரித்துவிடும்.

கதவு, டிக்கி, ஸ்டீயரிங் போன்ற அசையும் இடங்களில் வயர் உறைக்குள் ஒடியும். வண்டி நிற்கும்போதே ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துப் போங்கள்; லைட் சிமிட்டும் இடத்தில் நிறுத்துங்கள். தோட்டத்திலும் களத்திலும் நிற்கும் வண்டியானால் எலி கடித்திருக்கிறதா என்று இன்ஜின் மேல்பக்கத்து வயர்களைப் பார்க்க வேண்டும். சூட்டுக் கோளாறைப் பட்டறையிலேயே வரவழைக்கத் தலைமுடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கலாம். ஈரக் கோளாறை வரவழைக்கச் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் நிரப்பி, இருட்டில் ஓடும் இன்ஜினின் பிளக் வயர்கள் மேல் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பு, அதாவது புரட்டாசியிலேயே, எல்லா எர்த் பாயிண்டையும் ஒரு தடவை கழற்றித் தேய்த்து மாட்டிவிடுவது நம் பகுதிக்குப் பொருத்தம். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் போகும் வண்டிக்காரர்களும் லைட், ஹாரன், இண்டிகேட்டர் எர்த்துகளை முந்தின வாரமே பார்த்துவிடட்டும்.

எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது "எலக்ட்ரிக்கல் பிராப்ளம், பாத்து விடுங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். நோட்டைக் காட்டுங்கள். எந்த நிலையில் வருகிறது, எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று சொல்லுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றித் தருவதை ஏற்காதீர்கள்; லக்கோ சரியான கனெக்டரோ அடித்து ஸ்லீவ் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கோளாறு எந்த நிலையில் வந்ததோ அதே நிலைக்குக் கொண்டுபோங்கள். சூட்டில் வந்ததென்றால் மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு, லோடில் வந்ததென்றால் எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டு, முன்பு அளந்த அதே இரண்டு இடங்களில் மீட்டரை வைத்துப் பார்த்து, எண்ணை நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் புரட்டாசியில் அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.